சொந்த வீடு: வாங்கும் முன் கேட்டவையும் என் பதில்களும்

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் 22 வருஷம் பத்திரம் படித்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மேடவாக்கத்திலிருந்து: சார், எனக்கு 31 வயது. ஓஎம்ஆரில் 18 மாடிக் குடியிருப்பில் புது ஃபிளாட், ஜிம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. அதே விலைக்கு குரோம்பேட்டையில் 15 வருஷப் பழைய வீடு, மொத்தமே எட்டு வீடுகள். மனசு புதுசு பக்கம் போகிறது. எது சரி?

தம்பி, இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: யூடிஎஸ் எவ்வளவு? அதாவது அந்த மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பாகம். கட்டடம் வருஷா வருஷம் தேயும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 அடி மண் கிடைப்பது சாதாரணம். உயரமான கட்டடத்தில் அது பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

25 வருஷம் தள்ளி யோசியுங்கள். கட்டடம் பழசாகிவிடும், இடித்துக் கட்டும் பேச்சு வரும். 2024 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். அப்போது உங்கள் கையில் இருக்கும் பலம் அந்த மண்தான்.

என் முதல் வீட்டை வாங்கும்போது நான் இதைப் பார்க்கவில்லை. வாயால் சொன்னது 420 அடி, கிரயப் பத்திரத்தில் எழுதியிருந்தது 310. பதிவு முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். பத்திரம் படிப்பதே வேலையாக இருந்தவனுக்கே இந்தக் கதி. அதனால்தான் இதை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, கடன் முடிந்த பிறகும் அது நிற்காது. எனக்கென்றால் குரோம்பேட்டைதான். ஆனால் தண்ணீர்க் கசிவும் தூண்களில் விரிசலும் இருக்கிறதா என்று ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து: "இங்கே வெள்ளமே வராது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

அவரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பக்கத்து வீட்டு வாட்ச்மேனிடமும் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? 2023 மிக்ஜாம் புயலில்? எத்தனை நாள் நின்றது? இடுப்பளவு என்று கை வைத்துக் காட்டுவார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் பகுதி அது. தரைத் தளமே வேண்டாம். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள். கோடையில் இன்னொரு முறை போய், வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் இறங்குகிறது என்று பாருங்கள்.

அம்பத்தூரிலிருந்து: 50 லட்சம் கடன். 15 வருஷமா, 20 வருஷமா?

8.5 சதவீத வட்டி என்றால் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 43,400, மொத்த வட்டி 54 லட்சம். 15 வருஷத்துக்கு 49,200, வட்டி 38.6 லட்சம். கணக்குப்படி 15தான் லாபம். ஆனாலும் வேலை நிச்சயமில்லாத இந்தக் காலத்தில் 20 வருஷத்துக்கே வாங்கச் சொல்வேன். வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தால் மூன்று வருஷத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபர்களுக்கு அபராதம் கிடையாது. கஷ்டமான வருஷத்தில் அந்தக் கூடுதலை நிறுத்திக்கொள்ளலாம், தவணையை நிறுத்த முடியாது.

போரூரிலிருந்து: வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. போதுமா?

போதாது. சொத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானம் போன்றவற்றில் பதிவானது மட்டுமே அதில் வரும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் வராது. மூலப் பத்திரத்தையும், வாரிசுச் சான்று இருந்தால் அதையும் வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். பவர் (உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார்கள் என்றால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது.

பல்லாவரத்திலிருந்து: பழைய வீட்டுக்குப் பதிவுச் செலவு?

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வங்கி இதற்குப் பொதுவாகக் கடன் தராது, கையில் வைத்திருங்கள்.

பெரம்பூரிலிருந்து: எனக்கு 54 வயது, ஆசிரியை. மகன் வெளிநாட்டில். அவன் திரும்பி வந்தால் வேண்டுமே என்று மூன்று படுக்கையறை பார்க்கிறேன்.

அம்மா, மகன் வருவானா என்று அவனிடமே ஒருமுறை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், உங்கள் 70 வயதுக்கு ஏற்ற வீடாக வாங்குங்கள். இரண்டு படுக்கையறை போதும். லிஃப்ட் வேண்டும், மின்வெட்டில் அது ஓட ஜெனரேட்டர் வேண்டும், குளியலறையில் வழுக்காத தரை வேண்டும், மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும். பெரம்பூரிலேயே பாருங்கள். உங்களைத் தெரிந்த மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மிச்சமாகும் பணத்தை ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகன் வந்தால் இரண்டாவது அறை இருக்கிறது.