ஸ்ரீதனம் வேண்டாம் என்றால் பையனுக்குக் குறையா?

அக்கா, தக்கலையில் மகனுக்குப் பெண் பார்க்கிறீர்கள், ஸ்ரீதனம், அதாவது வரதட்சணை, வேண்டாம் என்று சொன்னால் "பையனுக்கு ஏதோ குறை" என்று ஊர் பேசும் என உங்கள் அண்ணன் தடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பயம் பொய்யில்லை. என் தம்பி கல்யாணத்தில் நாங்கள் கடைசி நேரத்தில்தான் வேண்டாம் என்றோம். பெண் வீட்டார் சந்தோஷப்படவில்லை, தம்பியைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தார்கள்!

அதனால் முதல் பேச்சிலேயே, தரகரிடமே, காரணத்தோடு சொல்லிவிடுங்கள். நிச்சயத்தன்று சபையில் இன்னொரு முறை சொல்லுங்கள். இதுதான் முக்கியம். நம் ஊரில் ஸ்ரீதனத்தை உள்ளுக்குள் வெறுப்பவர்கள் நிறைய. ஆனால் மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொள்கிறோம். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்று கேட்டுச் செய்த சோதனையில், கூட இருந்த எல்லோரும் வேண்டுமென்றே தவறான கோடு ஒன்றைக் காட்டியபோது பலர் தெரிந்தே ஒத்துப்போனார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவராக உங்கள் குடும்பம் இருக்கட்டும். உங்கள் சொந்தத்தில் இதே எண்ணமுள்ள இன்னொரு வீட்டை முன்பே சேர்த்துக்கொண்டால் அண்ணனும் இறங்கி வருவார். தோள்சீலைக்காக, அதாவது பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியப் போராடி, 1859இல் உரிமை பெற்ற குமரி மண் அக்கா இது, ஊர் வழக்கம் மாறாது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி ஸ்ரீதனம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பெண் வீட்டார் தாங்களாகவே மகளுக்கு நகை போட்டால் பட்டியல் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடுங்கள், நகை அவள் கையிலேயே இருக்கட்டும்.