நூலும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

டிசைன் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் நூல் பிரச்சினைதான் அதிகம், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அக்கா, அலுவலகத்தில் ஏர்கான் குளிர் தாங்கவில்லை என்று பருத்தி நூலில் ஒரு கார்டிகன் பின்னினேன். முடித்தபோது இடுப்போடு நின்றது. துவைக்கத் துவைக்க இறங்கி இப்போது தொடைக்கு வந்துவிட்டது, கையும் விரலை மூடுகிறது. யூடியூபில் சொன்ன கணக்குப்படிதான் பின்னினேன். எங்கே தப்பு? (செந்தூல், கோலாலம்பூர்)

உங்கள் கையில் தப்பில்லை. அந்தக் காணொளியில் பின்னியவர் அநேகமாகக் கம்பளி நூலில் பின்னியிருப்பார், குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் கணக்கெல்லாம் அப்படித்தான். கம்பளியை இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்திக்கு அந்தத் துள்ளல் கிடையாது, கனமும் அதிகம், நனைந்தால் இன்னும் கனம். துவைத்ததும் ஹேங்கரில் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டீர்களா? அப்படியென்றால் அது குடித்த தண்ணீரே அதைக் கீழே இழுத்திருக்கும்.

இப்போதைக்கு, வலைப்பையில் போட்டு மெஷினில் துவைத்து ஸ்பின் விடுங்கள், எவ்வளவு தண்ணீர் போகிறதோ அவ்வளவு நல்லது. பிறகு ஒரு பெரிய துண்டை விரித்து அதன்மேல் பரப்பி, நீளத்தை இரண்டு உள்ளங்கையாலும் மேல்நோக்கித் தள்ளித் தள்ளி, நீங்கள் ஆரம்பத்தில் வைத்த அளவுக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள். லேபிளில் டிரையர் போடலாம் என்று இருந்தால் டோபி கடைக்கே கொண்டுபோய்ச் சூடான டிரையரில் கொஞ்ச நேரம் சுழலவிடலாம், பருத்தி சற்றுச் சுருங்கும். முழுசாகப் பழைய அளவுக்கு வரும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை மாதிரித் துண்டு பின்னாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். பத்து செ.மீ. போதாது, பதினைந்துக்குப் பதினைந்தாவது வேண்டும். அதைத் துவைத்து, கீழ்ப்பக்கம் நாலைந்து துணிக் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டு, அப்புறம் நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். கணக்கைப் பாருங்கள்: மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி போடுகிறீர்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் சட்டை சுமார் 91 செ.மீ., 20 வந்தால் 100 செ.மீ. இரண்டே கண்ணி வித்தியாசத்தில் உங்கள் சட்டையை உங்கள் அக்கா போட்டுக்கொள்ளலாம். பருத்திக்கு ஊசியையும் ஒரு அளவு மெல்லியதாக எடுங்கள். கழுத்திலிருந்து கீழே வரை ஒரே வளையமாகப் பின்னாமல் முன், பின், கை என்று தனித்தனியாகப் பின்னித் தைத்தால் தோளிலும் பக்கத்திலும் அந்தத் தையல் தாங்கிப் பிடிக்கும். தைக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்காது, ஆனால் பருத்திக்கு வேறு வழியில்லை.

பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூலையும் யோசியுங்கள். இங்கே ‘மில்க் காட்டன்’ என்று விற்பதில் பெரும்பாலானவை அந்தக் கலவைதான். பெயரைப் பார்க்காமல் லேபிளில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மாமியாரின் பழைய பின்னல் ஊசிகள் எனக்கு வந்தன. 8 என்று பொறித்திருக்கிறது. அமெரிக்க டிசைன் ஒன்றிலும் 8ஆம் எண் ஊசிதான் கேட்டிருந்தார்கள். ஆனாலும் ஒரு வயதுக் குழந்தைக்குப் பின்னிய சட்டை கைக்குழந்தைக்குக்கூடப் பத்தவில்லை. (பட்டர்வொர்த், பினாங்கு)

இரண்டு எட்டும் ஒன்றல்ல அம்மா. உங்கள் மாமியாரின் ஊசி பழைய ஆங்கிலேயர் கணக்கில் வந்தது, அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. அதோடு இரண்டும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. ஆங்கிலேயக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், அங்கே 10 என்றால் 6 மி.மீ. இங்கே அந்தக் காலத்துப் பின்னல் புத்தகங்கள் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை, இப்போது பார்க்கிற காணொளிகளில் பாதி அமெரிக்காவிலிருந்து வருகின்றன, குழப்பம் வராமல் என்ன செய்யும்? எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று சில ரிங்கிட்டுக்கு ஆன்லைனில் கிடைக்கும், எந்த ஓட்டைக்குள் ஊசி சரியாக நுழைகிறதோ அதுதான் அளவு.

குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பதை ஆங்கிலேயர் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். டிசைன் எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று முதல் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள்.

ஊசிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து உலோக ஊசியில் கண்ணி வழுக்கிக்கொண்டு போகும், நம் ஊர் வியர்வைக் கைக்கு அது தேவலாம்.

பாட்டியின் பெட்டியில் லேபிள் இல்லாத நூல்கண்டுகள் நிறைய இருக்கின்றன. கம்பளியா, அக்ரிலிக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிலதில் இழை அங்கங்கே அறுந்திருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் பின்னலாமா? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். முடி கருகும் நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பல் வந்தால் பருத்தி. உருகிக் கருப்பாகக் கெட்டி மணிபோல் நின்றால் அக்ரிலிக் மாதிரியான செயற்கை நூல், அது ஆறும் வரை தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அறுந்திருப்பது கம்பளி என்றால் பெரும்பாலும் அந்துப் பூச்சிதான். பறக்கிற பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். அறுந்ததை வீசிவிட்டு, மீதியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஃபிரீசரில் (-18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். பிறகு பையைத் திறக்காமலேயே வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் நூலெல்லாம் ஈரமாகிவிடும்.

பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். இது முக்கியம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு நாப்தலீன் அந்துருண்டையின் நெடி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் இந்தக் குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள், பேரப்பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு இருக்கும். முடிவு எப்படி இருந்தாலும் சரி, அந்துருண்டை வாடை அடிக்கிற நூலைக் கைக்குழந்தைக்கு வேண்டாம். அதில் கூடை பின்னுங்கள், பூச்சாடிக்கு உறை பின்னுங்கள். பிள்ளைக்குப் புதுப் பருத்தி வாங்கிக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு மகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுப் பருத்திச் சட்டை பின்னினேன். முதல் துவையலிலேயே வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே? (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

நிற்காது. கம்பளி, பட்டு, நைலானுக்குப் போடும் சாயம் ஒரு வகை, அதை ஏற்றும்போது புளிப்பும் சூடும் வேண்டும், அங்கிருந்து கிளம்பிய பேச்சுதான் இது. பருத்திச் சாயத்துக்கும் வினிகருக்கும் சம்பந்தமே இல்லை. உப்பும் அப்படித்தான், சாயம் ஏற்றும் தொட்டியில் அதற்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் கிடையாது. போகிற சாயம் நூலில் ஒட்டாமல் மிச்சமாக நிற்பது, அது போய்த் தீர வேண்டும்.

இன்னும் டிரையரிலோ அயர்னிலோ சூடு படவில்லை என்றால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பெரிய வாளி நிறையத் தண்ணீர், சலவைத் தூள், கூடவே சாயம் பிடிக்கும் தாள் ஒன்று, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நனைந்த சட்டையைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனால் எல்லாம் வீண். குளோராக்ஸ் மாதிரியான ப்ளீச் பக்கம் போகவே வேண்டாம், சிவப்பும் சேர்ந்து போய்விடும். இனிமேல் கருஞ்சிவப்பு, கருநீலம் வாங்கினால் ஈரமான வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, பின்னுவதற்கு முன்பே அலசிக் காயவைத்துவிடுங்கள்.

ஒரே கடை, ஒரே நிற எண். ஆனாலும் கடைசி நூல்கண்டு மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. (கெப்போங்)

லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் ‘லாட்’ என்று இன்னொரு எண் இருக்கும், ஒரே தொட்டியில் சாயம் போட்டவைக்குத்தான் அது ஒன்றாக இருக்கும். அடுத்த முறை ஒன்று கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். இப்போது கடைசி நாலைந்து அங்குலத்தைப் பிரித்துவிட்டு, பழைய கண்டில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

அக்ரிலிக் சால்வை ஓரமெல்லாம் சுருண்டுகொள்கிறது. அயர்ன் வைக்கலாமா? (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

வைக்காதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் பொசுங்கிப் பளபளவென்று தொய்ந்துபோகும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பக்கம் முழுக்க நிட் (நேர்க்கண்ணி), மறுபக்கம் முழுக்க பர்ல் (எதிர்க்கண்ணி) என்று பின்னினால் எந்த நூலானாலும் ஓரம் சுருளத்தான் செய்யும். சுற்றிலும் கண்ணி எடுத்து, குரோஷேயில் இரண்டு மூன்று வரிசை கரை போட்டுப் பாருங்கள், அந்தக் கனத்தில் கொஞ்சமாவது அடங்கும்.