முட்டுக்கட்டை முதலில் இறங்கட்டும், கடைசியில் ஏறட்டும்

கேள்வி: நாங்கள் மிச்சிகனில், டிட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறோம். 24 அடி நீளமுள்ள பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு) ஒன்று வாங்கியிருக்கிறோம். இழுக்க பிக்கப் டிரக் இருக்கிறது. ஜூலையில் இரண்டு குழந்தைகளோடு லடிங்டன் மாநிலப் பூங்காவில் மூன்று இரவு தங்க இடம் பதிவு செய்துவிட்டோம். காணொளிகளில் ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் எதை முதலில் செய்ய வேண்டும்? கிளம்பும்போது எதைக் கடைசியில் செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் வரிசையைக் கேட்டதே எனக்கு நிம்மதி. டிரெய்லர் வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே கடினமில்லை. ஜாக்கி சுற்றுவது, குழாய் மாட்டுவது, பிளக் சொருகுவது, அவ்வளவுதான். எது எதற்கு முன்னால் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஊரில் தேர் ஓடிப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கான பேர் இருந்தாலும், தேர் நிற்பதும் திரும்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலர் கையில்தான். டிரெய்லரிலும் அப்படியே. டிரக்கோடு பூட்டியிருக்கும்வரை அது டிரக்கின் பிரேக்கை நம்பி நிற்கிறது. பூட்டைக் கழற்றிய நொடியிலிருந்து சக்கரத்தடியில் இருக்கும் கட்டையை மட்டும் நம்பி நிற்கிறது. அதனால் முட்டுக்கட்டை போடாமல் டிரெய்லரைக் கழற்றக் கூடாது. டிரெய்லரை மறுபடி பூட்டாமல் முட்டுக்கட்டையை எடுக்கக் கூடாது. மற்ற எல்லா வேலையையும் இந்த இரண்டுக்கும் நடுவில் பொருத்திக்கொள்ளலாம்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவசரத்தில் கட்டை போடாமலே கழற்றிவிட்டேன். தரை சமமாகத்தான் தெரிந்தது. டிரெய்லரின் முன்முனைப் பூட்டான கப்ளர், டிரக்கின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையை விட்டு எழும்பியதும் வண்டி ஓசையே இல்லாமல் பின்னால் நகர்ந்து, சாப்பாட்டு மேசையில் இடித்து நின்றது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் என் மகள் அந்த மேசைப் பக்கம்தான் நின்றிருந்தாள். அன்றிலிருந்து கட்டைகளை டிரக்கின் பின்னிருக்கையில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மிச்சிகனில் பழைய டிரெய்லர் என்றால், குளிர்காலத்துக்காகக் குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவம் விட்டிருப்பார்கள். வாட்டர் ஹீட்டருக்குத் தண்ணீர் போகாதபடி பைபாஸ் வால்வையும் திருப்பியிருப்பார்கள். குழாய்களை நன்றாக அலசுங்கள். பைபாஸைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்த டயர். ஆறு வயதைத் தாண்டியிருந்தால், டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லர் டயர் தேய்வதைவிட அதிகமாக வெயிலிலும் நின்ற நிலையிலும்தான் கெடுகிறது. காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்புங்கள். குளிர்பெட்டியை முந்தின நாளே ஓடவிட்டு, குளிர்ந்த சாமான்களையே உள்ளே அடுக்குங்கள். வழியில் கேஸ் சிலிண்டர் மூடியே இருக்கட்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் தாங்கும்.

விறகு மட்டும் ஏற்ற வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2002இல் உங்கள் டிட்ராய்ட் பக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது தூரத்து ஊர்களுக்குப் போனதில் விறகுக் கட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. விறகைப் போகிற இடத்திலேயே வாங்குங்கள்.

மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலான முகாம் இடங்களில் மின்சாரம் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் இணைப்பும் கழிவு இணைப்பும் இடத்துக்கு இடம் தனியாகக் கிடையாது. அதனால் உள்ளே நுழைந்ததும், உங்கள் இடத்துக்குப் போகும் முன்பே, குடிநீர் நிரப்பும் குழாயில் நின்று தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போவது வீண் சுமை. 40 காலன் தண்ணீர் ஏறக்குறைய 330 பவுண்டு. குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை ஹோஸைத்தான் பயன்படுத்த வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தில், அலசுவதற்கென்று இன்னொரு குழாய் இருக்கும். அதில் குடிநீர் ஹோஸை மாட்டவே கூடாது.

அப்புறம் ரிவர்ஸ். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அடிப்பக்கத்தைப் பிடிப்பதால், தலைகீழாகத் தோன்றும் கணக்கு நேராகிவிடும். முடிந்தால் இடம் ஓட்டுநர் பக்கம் வருகிற மாதிரி வண்டியைக் கொண்டுவாருங்கள். ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்க்கலாம். வழி காட்டுகிறவர் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் தெரியவில்லை என்றால் உடனே பிரேக். குழந்தைகள் இருவரும் இந்த நேரத்தில் டிரக்குக்குள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கட்டும். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள், மரக்கிளையையும் சேர்த்து. பின்னால் வண்டிகள் காத்திருக்கும், காத்திருக்கட்டும். அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் முதல் தடவை இதே பாடுபட்டவர்கள்தான்.

இடத்தில் நின்றதும் கழற்றத் தோன்றும். பொறுங்கள். முதலில் இடம் வலமாக மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் ஒன்று போதும். உள்ளே தரையில் குறுக்காக வையுங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் பலகைகளையோ பிளாஸ்டிக் அடுக்குகளையோ போட்டு, டிரக்காலேயே ஏற்றி நிறுத்துங்கள். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஏற வேண்டும். இந்த வேலையை டிரக்கோடு பூட்டியிருக்கும்போது மட்டும்தான் செய்ய முடியும் என்பதை மறந்துவிட்டு, கழற்றிய பிறகு மறுபடி பூட்டுகிறவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். முன் பின் மட்டத்தை, டிரெய்லரைக் கழற்றிய பிறகு, முன் ஜாக்கியால் சரிசெய்துகொள்ளலாம். மட்டம் வெறும் வசதிக்காக இல்லை. பழைய டிரெய்லர் என்றால் உங்களுடையது கேஸிலும் ஓடும் குளிர்பெட்டியாக இருக்கலாம். அந்த வகை சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, நாளடைவில் பழுதாகும்.

மட்டம் வந்துவிட்டதா? இப்போது முட்டுக்கட்டை. இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும், டயரோடு ஒட்டி. இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே இறுக்கும் கட்டை வாங்கியிருந்தால் அதையும் கூடுதலாகப் போடுங்கள். லடிங்டன் முழுக்க ஏரிக்கரை மணல், அதனால் முன் ஜாக்கியின் பாதத்துக்குக் கீழே தடித்த பலகை வேண்டும். இல்லையென்றால் ஜாக்கி இறங்க இறங்க மணலுக்குள் புதையும்.

எடைபகிர்வு ஹிட்ச் (டிரெய்லரின் முன்பாரத்தை ஸ்பிரிங் கம்பிகளால் பகிர்ந்து தாங்கும் இணைப்பு) என்றால், கப்ளர் பூட்டியபடியே முன் ஜாக்கியால் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். ஸ்பிரிங் கம்பிகள் தளரும், அப்போது கழற்றுங்கள். இறுக்கமாக இருக்கும்போது நெம்பினால் கம்பி தெறித்துத் தாடையைப் பெயர்க்கும். பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, கப்ளரின் பின்னை எடுத்து, தாழ்ப்பாளைத் திறந்து, மறுபடி ஜாக்கியால் உயர்த்துங்கள். கப்ளர் உருண்டையைவிட்டு முழுசாக மேலே வரும்வரை சங்கிலிகள் மாட்டியே இருக்கட்டும். வண்டி நகர்ந்தால் சங்கிலி பிடித்துக்கொள்ளும். நகரவில்லை என்று உறுதியான பிறகு சங்கிலி, மின்கேபிள், அவசரப் பிரேக் கம்பி (டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைப்பது) மூன்றையும் எடுத்துவிட்டு டிரக்கை மெதுவாக முன்னே கொண்டுபோங்கள்.

மூலைகளில் இருக்கும் நான்கு ஜாக்கிகள் ஆட்டத்தைக் குறைப்பதற்கு மட்டும்தான். தரையைத் தொட்டு, கொஞ்சம் இறுகினால் போதும். அவற்றால் வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும், கதவு பிடிக்க ஆரம்பிக்கும். ஸ்லைடு (வெளியே நீண்டு உள்ளிடத்தைப் பெரிதாக்கும் பகுதி) இருந்தால் மட்டம் பார்த்த பிறகு, உங்கள் வண்டியின் கையேடு சொல்கிற நேரத்தில் திறங்கள்.

மின்சாரத்தில் நம் வீட்டுச் சமையலுக்காகவே ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. உங்கள் அளவு டிரெய்லருக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்பு: 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் போட்டால் இன்னொரு 1,400 சொச்சம். இதற்கு மேல் 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பில் சாம்பாரை வைத்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டு, சமைக்கிற அரை மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள். இட்லி மாவைப் புளிக்கவைத்து எடுத்துப் போனால் மிக்ஸிக்கு வேலையே இல்லை. இணைக்கும்போது உங்கள் இடத்தில் இருக்கும் மின்கம்பத்தில் பிரேக்கரை முதலில் அணைத்துவிட்டு, மின்பாதுகாப்புக் கருவியை மாட்டிப் பிரேக்கரைப் போடுங்கள். அது கோளாறு இல்லை என்று காட்டியதும், திரும்ப அணைத்து டிரெய்லர் கேபிளை இணையுங்கள். கம்பத்தின் கோளாறு டிரெய்லரின் எல்லாச் சாதனங்களையும் ஒரே நொடியில் எரித்துவிடும். இந்தக் கருவியில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாட்டர் ஹீட்டரைப் போடும் முன், பம்பை ஓடவிட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறங்கள். காற்று துப்பி முடித்து, தண்ணீர் சீராக வந்தால்தான் ஹீட்டர் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். வெறும் தொட்டியில் மின்சாரத்தைப் போட்டால் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பி சீக்கிரமே போய்விடும்.

கழிவுத் தொட்டி இரண்டு. கழிப்பறைக்குக் கறுப்பு; சமையல், குளியல் தண்ணீருக்குச் சாம்பல். கறுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் தாராளமாகப் போக வேண்டும். திடக்கழிவு காய்ந்து குவிந்துவிட்டால் அதைக் கரைப்பது பெரும்பாடு. தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் இங்கே நன்மையே. ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும், அளவுகாட்டியைத் தினமும் பாருங்கள். சாம்பல் தொட்டிக்கு எதிரி நம் எண்ணெயும் கஞ்சியும். சாதம் வடித்த கஞ்சி, தாளித்த எண்ணெய், குழம்பு மிச்சம் எதையும் தொட்டியில் இறக்காதீர்கள். காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள். தொட்டிக்குள் போனால், ஜூலை வெயிலில் அழுகி அந்த நாற்றம் குளியலறை வழியே உள்ளே வரும்.

கிளம்புவது முந்தின இரவே தொடங்கட்டும். பக்கவாட்டுப் பந்தலைக் காய்ந்திருக்கும்போது சுருட்டுங்கள், நாற்காலிகளையும் ஏற்றிவிடுங்கள். காலையில் உள்ளே இருப்பதெல்லாம் அலமாரிக்குள், பிறகு தரையில் எதுவும் இல்லையென்று பார்த்து ஸ்லைடு உள்ளே. ஹீட்டர் அணைத்து, கேஸ் மூடி, கூரை ஜன்னல் இறக்கி, ஆன்டெனா மடக்குங்கள். ஏசியை நிறுத்திப் பிரேக்கரை அணைத்த பிறகே கேபிளைப் பிடுங்க வேண்டும். மூலை ஜாக்கிகளை முழுசாக ஏற்றுங்கள். கட்டைகள் இன்னும் சக்கரத்தடியிலேயே.

இப்போது பூட்டுங்கள். கப்ளர் உருண்டையில் இறங்கியது மாதிரி தெரியும், ஆனால் தாழ்ப்பாள் சரியாகப் பிடித்திருக்காது. நடுவழியில் டிரெய்லர் கழன்றுபோவது இப்படித்தான். தாழ்ப்பாளைப் போட்டு, பின் சொருகி, முன் ஜாக்கியால் ஓரிரு அங்குலம் தூக்குங்கள். டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. கப்ளர் மட்டும் எழும்பினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஸ்பிரிங் கம்பிகள், கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போட்ட சங்கிலிகள், அவசரப் பிரேக் கம்பி, மின்கேபிள். அவசரப் பிரேக் கம்பியைச் சங்கிலியில் கட்டாதீர்கள், டிரக்கில் தனியாக மாட்டுங்கள். முன் ஜாக்கியை முழுசாக மேலே ஏற்றுங்கள். ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கு, இரண்டு பக்க இண்டிகேட்டர் பார்த்துச் சொல்லட்டும். இந்த நேரத்தில் பக்கத்து இடத்துக்காரர் பேச வந்தால், இரண்டு நிமிடம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பாதியில் பேச்சு வந்துவிட்டால் பூட்டுவதைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து சரிபாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முட்டுக்கட்டையை எடுங்கள். பலகையிலிருந்து முன்னே இறங்கி நின்று, வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். படிக்கட்டு மடங்கியிருக்கிறதா, பலகைகளை எடுத்தாயிற்றா? மெதுவாக உருட்டி, டிரக்குக்குள் இருக்கும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திப் பிடிக்கிறதா பாருங்கள்.

கழிவிறக்கும் இடத்தில் கையுறை போட்டு, ஹோஸ் இரண்டு முனையும் இறுகியதா என்று பார்த்துக் கறுப்பு வால்வை முதலில் திறங்கள். அது காலியானதும் சாம்பலைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிவிடும். கறுப்புத் தொட்டி பாதிகூட நிறையவில்லை என்றால், திறக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். வேகமாகப் பாய்ந்தால்தான் எல்லாம் வெளியே வரும். அங்கே மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்பதால் சாமான் அடுக்குவது, கை கழுவுவதெல்லாம் ஒதுக்கி நிறுத்திய பிறகு.

வீட்டுக்கு யூஎஸ் 10 வழியே கிழக்கே போவீர்கள் என்றால், லடிங்டன் ஊரிலிருந்து ஏறக்குறைய எட்டு மைலில் ஸ்காட்வில் வரும். அங்கே ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் டயருக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மேலே ஓட்ட வேண்டாம். சங்கிலி, கேபிள், கப்ளர் பின் மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். டிரெய்லர் டயர்கள் பல 65 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மற்ற வண்டிகள் முந்திப் போகட்டும், நீங்கள் வலது லேனிலேயே வாருங்கள்.