பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் உண்டு! வாசகர் கேள்வி – பதில்

கைக்குழந்தையோடு முதன்முறையாக வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பும் பெற்றோரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: மகளுக்கு இப்போது இரண்டு மாதம். ஆறு மாதம் ஆனதும் ஒரு வாரம் வெளிநாடு போய்வர நினைக்கிறோம். 'ஒரு வயசாவது ஆகட்டும்' என்கிறார் மாமியார். எது சரி?

ஆறு மாதத்தில் தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் ஒரு வயதைவிட அதுதான் சுலபம். 4 முதல் 8 மாதக் குழந்தைக்குப் பாலே முக்கிய உணவு. விமானத் தொட்டிலான பேசினெட்டுக்குள்ளும் அடங்கிவிடும். நடக்கப் பழகிய பிள்ளையை எட்டு மணி நேரம் மடியில் பிடித்துவைப்பதுதான் பெரும்பாடு.

மாமியாரின் பயம் 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொருந்தும். பிறந்து 7 அல்லது 14 நாள் ஆனாலே பல விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்கின்றன என்றாலும், அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிப்பார்கள். அந்நிய ஊரில் அந்த அலைச்சல் எதற்கு? குறைமாதக் குழந்தையாக இருந்தால், வயதைப் பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். பிறந்தபோது நீண்ட நாள் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ நுரையீரல், இதயப் பிரச்சினை இருந்தாலோ மருத்துவர் சம்மதிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கும், இவர்களுக்குச் சிரமம்.

கேள்வி: மடியில்தானே உட்காரப் போகிறான்? அவனுக்கும் தனி டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் வேண்டுமா?

வேண்டும். பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், போகிற நாடு கேட்டால் தனி விசா. திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் கேட்கின்றன. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் புகைப்படத்தால்தான். வெள்ளை விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள். தாங்கிப் பிடிக்கும் கை, நிப்பிள், பொம்மை எதுவும் படத்தில் விழக்கூடாது. காதோரம் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் பட்டால் நிழல் வராது.

2 வயது நிரம்பாத குழந்தைக்கு மடி டிக்கெட். சர்வதேசப் பயணத்தில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வரும், வரி தனி. வயதைப் பயண நாளில்தான் பார்ப்பார்கள். சுற்றுலாவுக்கு நடுவே இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது முழு இருக்கை வாங்க வேண்டும். இதைக் கவுன்ட்டரில் போய்த் தெரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

உங்கள் டிக்கெட்டை எடுத்துவிட்டு 'குழந்தையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். ஒவ்வொரு இருக்கைத் தொகுதிக்கும் மேலே கூடுதலாக இருக்கும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதனால் ஒரு தொகுதியில் ஒரு மடிக்குழந்தைக்கு மேல் அனுமதிப்பதில்லை. இரட்டைக் குழந்தைகள் என்றால் அம்மா ஒரு பக்கம், அப்பா நடைபாதைக்கு அந்தப் பக்கம்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். குழந்தையின் பெயரோடு உங்கள் பெயர் பொருந்தாவிட்டால் குடியேற்றக் கவுன்ட்டரில் முதல் கேள்வியே அதுதான்.

கேள்வி: பேசினெட் கேட்டு வாங்கிவிட்டால் குழந்தை தூங்கிக்கொண்டே வந்துவிடுமா?

பாதி தூரம் தூங்கலாம். பேசினெட்டை முன்தடுப்புச் சுவர் உள்ள வரிசையில்தான் மாட்ட முடியும். ஒரு விமானத்தில் இருப்பதே சில. டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டு, முன்பதிவு விவரத்தில் பதியச் சொல்லுங்கள். பதிந்தாலும் அது கோரிக்கைதான், உத்தரவாதம் இல்லை. கவுன்ட்டருக்குச் சீக்கிரம் போனால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ. நீள வரம்பும் உண்டு. எடை சரியாக இருந்தும் கால் நீட்ட இடமில்லாமல் போகும் நெட்டைக் குழந்தைகள் உண்டு. பிடித்து எழுந்து உட்காரத் தெரிந்துவிட்டால் எடை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

விமானம் மேலே போய் சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகுதான் பேசினெட்டை மாட்டுவார்கள். விளக்கு மீண்டும் எரிந்தால், நள்ளிரவானாலும் குழந்தையை எடுத்து மடியில் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். மடிக்குழந்தைக்கென்று சிறிய பெல்ட் தருவார்கள். அது உங்கள் பெல்ட்டின் வழியாகக் கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றி வரும். இதைத் தராத நாடுகளும் உண்டு. போர்வையை பெல்ட்டுக்கு அடியில் போர்த்துங்கள். மேலே போர்த்தினால், பெல்ட் போட்டிருக்கிறதா என்று பார்க்க வரும் பணிப்பெண் போர்வையை விலக்க, அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை விழித்துக்கொள்ளும்.

அந்த வரிசையில் கைப்பிடிகள் மேலே மடங்காது, முன்னால் இருக்கை இல்லாததால் பையை வைக்கவும் இடம் கிடையாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் பை மேல் பெட்டிக்குப் போய்விடும். ஆகவே ஒரு சிறிய பவுச்சில் பால் புட்டி, ஒரு டயாபர், ஈரத்துடைப்பான், ஒரு காலி பிளாஸ்டிக் பை, ஒரு பொம்மை மட்டும் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் அந்தப் பவுச் போதும். டயாபர் மாற்றும் பலகை எல்லாக் கழிப்பறையிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று ஏறியதுமே கேட்டுவையுங்கள்.

வசதி இருந்தால் தனி இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற முத்திரை உள்ள கார் சீட்டைக் கட்டுவதுதான் ஆகப் பாதுகாப்பானது. விமானம் சட்டென்று குலுங்கினால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் கை தாங்காது. கார் சீட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், சாதாரண வகுப்பு இருக்கையே 43 முதல் 46 சென்டிமீட்டர்தான்.

கேள்வி: இறங்கும்போது காது வலியால் குழந்தைகள் வீறிட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். தடுக்க வழி?

காதின் நடுப்பகுதியையும் தொண்டையையும் இணைக்கும் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் குழாய் திறந்தாக வேண்டும். விழுங்கும்போதுதான் அது திறக்கும். அதனால்தான் ஏறும்போது சும்மா இருந்த குழந்தை இறங்கும்போது அழுகிறது.

தரையைத் தொடும்போது பால் கொடுத்துப் பயனில்லை. விமானம் தாழத் தொடங்குவது அதற்குச் சுமார் 25, 30 நிமிடம் முன்பே. அந்த அறிவிப்பு வந்ததும், அல்லது உங்கள் காதே அடைப்பதுபோலத் தெரிந்ததும் ஆரம்பியுங்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் தேவையான நேரத்தில் வாயைத் திறக்காது. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, விட்டு விட்டுக் கொடுங்கள். தூங்கும் குழந்தை குறைவாகத்தான் விழுங்கும், அதனால் லேசாக எழுப்பிக் கொடுப்பது நல்லது. பால் வேண்டாமென்றால் நிப்பிள் சப்பினாலும் போதும். மூக்கடைப்பு இருந்தால் இறக்கம் தொடங்குமுன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம். பெரியவர்களின் சளி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். காதில் சீழ், தொற்று இருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிறார்களே, பாலை என்ன செய்வது?

குழந்தையின் பால், கூழ், கொதித்து ஆறிய நீருக்குப் பயணத்துக்குத் தேவையான அளவு பெரும்பாலான விமான நிலையங்களில் விலக்கு உண்டு. பையில் புதைத்து வைக்காமல் தனியாக எடுத்துக் காட்டுங்கள். எக்ஸ்ரே பாலைக் கெடுக்காது. பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரமும் தாங்கும். ஐஸ் பேக் கல்லாக உறைந்திருக்கட்டும். பாதி உருகினால் திரவம் என்று தகராறு வரலாம்.

ஃபார்முலா கொடுப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் பொடியைத் தனித்தனி டப்பாவில் அளந்துகொள்ளுங்கள். பொடி கிருமி நீக்கியது அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பிறகு ஆறவைக்கச் சொல்கிறார்கள். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. விமானத் தொட்டித் தண்ணீரை நம்பவேண்டாம், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பாதுகாப்பானது சீல் வைத்த திரவ ஃபார்முலாதான்.

உறிஞ்சுகுழல் வைத்த சிப்பர் ஒன்று போதும், சட்டையை நனைக்க. தரையில் மூடியபோது உள்ளே இருந்த காற்று உயரத்தில் விரிந்து, குழலைத் திறந்ததும் பாலை அதன் வழியே பீய்ச்சி அடிக்கும். மேலே போனபின் மூடியை முதலில் லேசாகத் தளர்த்துங்கள், பிறகு குழலைத் திறங்கள். பெற்றோருக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும் என்பது இதற்காகவும்தான்! டயாபர், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு மேலே நான்கு. விமானம் தாமதமானால் அந்த நான்குதான் கைகொடுக்கும்.

கேள்வி: தூங்குவதற்குச் சளி சிரப் கொடுக்கலாமா?

கூடாது. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் நேர்மாறாகப் படபடப்பையும் அழுகையையும் கூட்டும். கைக்குழந்தைக்கு மூச்சு மந்தமாகும் அபாயமும் உண்டு.

கேள்வி: தடுப்பூசி, மருந்து எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். 6 முதல் 11 மாதக் குழந்தை வெளிநாடு போனால் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே ஒரு தவணை போடுவது உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு போடவேண்டிய தவணைகளில் அதைச் சேர்க்கமாட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி வழக்கமாக 9 மாதத்துக்கு மேல்தான், 6 மாதத்துக்குள் போடவே கூடாது. அந்த ஊசி தேவைப்படும் நாட்டையும் மலேரியா உள்ள பகுதியையும் முதல் சுற்றுலாவுக்குத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். கொசுவிரட்டிகளில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ளவை 2 மாதத்துக்குள் கூடாது, கொசுவலை போதும். 6 மாதத்துக்குள் சன்ஸ்கிரீனைவிட நிழலும் முழுக்கைச் சட்டையும் மேல்.

பாராசிட்டமால் அளவைக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று எடையை வைத்து மருத்துவர் எழுதித் தரட்டும். 3 மாதத்துக்குள் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி அல்ல. ஊரில் சிரப் கொடுத்த அளவுக்கே வெளிநாட்டில் வாங்கிய சொட்டு மருந்தைக் கொடுத்தால் அளவு பலமடங்கு ஏறிவிடும். வீட்டில் பழகிய பாட்டிலையே, அளவுக் குழலோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை கொண்டுபோகலாமா?

பெரும்பாலும் விடுவார்கள், வாசலில் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால், அது வாசலிலேயே திரும்பக் கிடைக்குமா, கடைசி ஊரில் பெட்டிகளோடு வருமா என்று சீட்டு ஒட்டும்போதே கேளுங்கள். மாறும் இடத்தில் கை நோகாமலிருக்க, மார்போடு கட்டும் கேரியர் வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் அதைக் கழற்றச் சொல்வார்கள். விமானம் மாற இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

கேள்வி: நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டுவிடாதா?

கெடும். கிழக்கே போனால் இரவு வெகுநேரம் விழித்திருந்து தாமதமாக எழும். மேற்கே போனால் விடியுமுன்பே எழுந்து விளையாடக் கூப்பிடும். கிழக்கே போனவர்கள் காலை வெயிலிலும், மேற்கே போனவர்கள் மாலை வெளிச்சத்திலும் குழந்தையை வெளியே கொண்டுபோங்கள். ராத்திரி எழுந்து பால் கேட்டால் மங்கிய வெளிச்சத்தில் கொடுத்துப் படுக்கவையுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு நாள் பயணம், வித்தியாசமும் இரண்டு மணி நேரம்தான் என்றால் எதையும் மாற்ற வேண்டாம், ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். விடுதியில் குழந்தைக் கட்டிலை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வந்ததும் மெத்தையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.