ரெடிங்கில் இருந்து கேட்ட தங்கைக்கு: எழுத்து வேலைக்கு கிளையன்ட் எங்கே கிடைப்பார்கள்?

கணவரின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் டிபென்டன்டாக இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். பி.ஃபார்ம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு ஏஜென்சிக்காக மருத்துவமனை வெப்சைட்டுகளுக்கு எழுதியவர். இங்கே வந்ததிலிருந்து அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. "யாரையும் தெரியாத ஊரில் ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு ஆள் எங்கே தேடுவது அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த நாட்டில் இதே தொழிலில்தான் வருடக்கணக்காக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விசா. உங்கள் டிபென்டன்ட் விசாவில் சொந்தமாகத் தொழில் செய்யத் தடையில்லை. ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கவனிக்கவும்: உங்களுக்கு சுயதொழில் அனுமதி கிடையாது, ஃப்ரீலான்ஸும் அதில்தான் சேரும். படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு செய்யலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "கன்டென்ட் ரைட்டர்" என்று போட்டுக்கொண்டு உலகத்தோடு போட்டி போடுவதை இன்றோடு விடுங்கள். அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே காசு கொடுத்து கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களை வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே வேலைக்குக் கூட்டமாக வந்து விழுகிறார்கள். பொதுவான கட்டுரைகளை இப்போது கடைக்காரரே ஏஐ-யிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தவறாக எழுதினால் சிக்கல் வரும் இடத்தில்தான் இன்னும் ஆளைத் தேடுகிறார்கள். மருந்து அப்படிப்பட்ட இடம். உங்கள் கையில் இருப்பது அந்தப் படிப்பு. சென்னையிலிருந்து நீங்கள் கொண்டு வந்த சாமான்களிலேயே விலை மதிப்புள்ளது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்மசியிலிருந்து தொடங்குங்கள். பெரிய செயின் கடைகளை விடுங்கள், அவர்களுக்குத் தலைமை அலுவலகத்தில் ஆள் இருக்கிறது. ஒரு குடும்பமோ ஒரு பார்மசிஸ்டோ நடத்தும் தனிக்கடைகள்தான் உங்களுக்கு. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் பார்மசி ஃபர்ஸ்ட் என்ற திட்டம் நடக்கிறது. சைனஸ் தொற்று, தொண்டை வலி, காது வலி, தொற்றாகிவிட்ட பூச்சிக்கடி, இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களுக்கு வரும் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போகாமலே பார்மசிஸ்ட் பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் தரலாம். பார்மசிக்கு இதற்கென்று அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் பணம் தருகிறது. ஆகவே இதற்காக ஆட்கள் வர வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை.

இப்போது அந்தத் தனிக்கடைகளின் வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் பார்மசி ஃபர்ஸ்ட் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். காது வலிக்கான சேவை 1 முதல் 17 வயது வரைக்கும்தான், சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வயதுப் பெண்கள் மட்டும் என்பது எங்கேயும் இருக்காது. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் பஸ் பிடித்து வந்து நின்று, "உங்களுக்கு ஜிபிதான் பார்க்க வேண்டும்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போவார். கவுன்டரில் இருப்பவருக்கும் அது தர்மசங்கடம். வயதும் அறிகுறியும் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்த அலைச்சலே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதத்தான் உங்களுக்குத் தெரியுமே!

நேரில் போங்கள். திங்கட்கிழமை காலை வேண்டாம், கூட்டம் நெரியும். வாரத்தின் நடுவில், மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து பள்ளி விடுவதற்குள் போனால் கொஞ்சம் பேசலாம். வேலை கேட்டு நிற்கிற மாதிரி போகாதீர்கள். அவர்கள் வெப்சைட்டில் விடுபட்ட ஒரு பக்கத்தை நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், "இது உங்கள் சைட்டில் இல்லை, இப்படி இருந்தால் உதவும் என்று தோன்றியது" என்று கொடுத்து, கீழே உங்கள் எண்ணைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும், அதற்கு மேல் இலவசமாக எழுத வேண்டாம். இன்னொன்று, உங்களை "பார்மசிஸ்ட்" என்று எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். இங்கே பார்மசிஸ்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான ஜிபிஎச்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே பயன்படுத்தக்கூடிய சட்டப் பாதுகாப்புள்ள பட்டம் அது. "மருந்தியல் பட்டதாரி, மருத்துவ எழுத்தாளர்" என்று சொன்னால் போதும், மதிப்பும் குறையாது.

ஈமெயில் அனுப்புவதிலும் இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. லிமிடெட் கம்பெனிகளுக்கு, நீங்கள் யார் என்று சொல்லி, வேண்டாமென்றால் நிறுத்தும் வழியும் கொடுத்து, முன் அனுமதி இல்லாமலே தொழில் மடல் அனுப்பலாம். தனிநபர் வியாபாரமாக நடத்துபவரைச் சட்டம் தனிமனிதராகவே பார்க்கிறது, அவருக்கு அனுமதியில்லாமல் விளம்பர மெயில் போகக் கூடாது. யார் எந்த வகை என்பதை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியே இயக்குநர் பெயரும் கிடைத்துவிடும், "டியர் சர் ஆர் மேடம்" என்று தொடங்க வேண்டியதில்லை. மடல் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும். அவர்கள் சைட்டில் நீங்கள் பார்த்த ஒரு குறை, அதைச் சரி செய்தால் என்ன பயன், உங்கள் மாதிரிக்கு ஒரு லிங்க், அடுத்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா என்ற கேள்வி. உங்கள் சென்னை அனுபவத்தை வரிசையாக எழுதத் தேவையில்லை.

பார்மசிகளுக்கு அடுத்து அழகு சிகிச்சை கிளினிக்குகள். போடாக்ஸ் இங்கே மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே தரக்கூடிய மருந்து, அந்த வகை எதையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. எடை குறைக்கும் ஊசிகளுக்கும் அதே விதி. ஆனாலும் முகப்புப் பக்கத்திலேயே போடாக்ஸ் விலையைப் போட்டு வைத்திருக்கும் கிளினிக்குகளைப் பார்ப்பீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லாமல், முகச் சுருக்கத்துக்கான ஆலோசனை என்று எழுதலாம் என்பது விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதைப் படித்து வைத்துக்கொண்டு, முகப்பை விதிக்குள் எப்படி மாற்றி எழுதலாம் என்று காட்டி ஒரு மடல் போடுங்கள். பயமுறுத்தும் தொனி மட்டும் வேண்டவே வேண்டாம். புகார் கொடுக்கப் போகிறவள் என்று நினைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

எனக்கு அதிக வேலை வந்த வழி இன்னொன்று: வெப் டிசைனர்கள். டிசைன் முடிந்து, கோடிங் முடிந்து, எழுத்து வராததால் மாதக்கணக்கில் நிற்கும் சைட்டுகள் ஒவ்வொரு டிசைனரிடமும் இருக்கும். "நானே எழுதித் தருகிறேன்" என்று சொன்ன கடைக்காரர் எழுதவே மாட்டார். சைட் திறக்காதவரை டிசைனருக்குக் கடைசித் தவணையும் வராது. ரெடிங், மெய்டன்ஹெட், பேசிங்ஸ்டோக் பக்கம் சின்ன டிசைன் நிறுவனங்களைத் தேடி, "உங்களிடம் எழுத்துக்காக நிற்கும் சைட் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு டிசைனருக்கு உங்களைப் பிடித்துவிட்டால் அடுத்தடுத்த வேலை தானாக வரும்.

மருத்துவ எழுத்தாளர் முழுநேர வேலைக்கு விளம்பரம் வந்தாலும் விடாதீர்கள். ஆள் எடுத்து, நோட்டீஸ் காலம் முடிந்து, அவர் வந்து சேர மூன்று மாதமாவது ஆகும். அதுவரை வேலை நிற்காதே. "ஆள் வரும் வரை நான் செய்து தரட்டுமா?" என்று எழுதுங்கள். மருந்து கம்பெனிகளுக்கு எழுதித் தரும் பெரிய மெட்காம்ஸ் ஏஜென்சிகள் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், மாஞ்செஸ்டர் பக்கம் இருக்கின்றன. அங்கே அனுபவம் நிறையக் கேட்பார்கள், அதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

மாதிரிகள் இரண்டு மூன்று போதும். என்ஹெச்எஸ் தன் மக்களுக்கான பக்கங்களை 9 முதல் 11 வயதுப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் அளவில் எழுதச் சொல்கிறது. அவர்களின் நடைக் கையேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. உங்கள் மாதிரிகள் அந்த நடையில் இருந்தால், பார்த்தவுடனே இவருக்கு இங்குள்ள முறை தெரியும் என்று புரிந்துகொள்வார்கள். நம் ஊரில் கனமான ஆங்கிலத்தைப் பாராட்டிப் பழகிவிட்டோம், இங்கே அது எடுபடாது.

பதில் பெரும்பாலும் இனிமையாகத்தான் வரும். "ரொம்ப நன்றாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம்" என்பார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். தேதியும் தொகையும் பேசும் வரை அது வெறும் மரியாதை. பத்து நாள் விட்டு ஒரு தடவை நினைவுபடுத்துங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள். மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

விலையை வார்த்தைக் கணக்கில் சொல்லாமல் பக்கத்துக்கோ வேலைக்கோ சொல்லுங்கள், புதிய ஆளிடம் பாதி முன்பணம் கேளுங்கள். இங்கே அது தவறாகத் தெரியாது. ரூபாயில் மாற்றிப் பார்த்துக் குறைத்துச் சொல்லவே சொல்லாதீர்கள் தங்கச்சி, என்னிடம் வரும் புதியவர்கள் எல்லாரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். இன்வாய்ஸில் கெடு எழுதுங்கள். எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் சட்டப்படி 30 நாள். அதைத் தாண்டினால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதமும், 1,000 பவுண்டுக்குக் குறைந்த பாக்கிக்கு 40 பவுண்டும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த விதியை இன்வாய்ஸின் அடியில் ஒரு வரியாகப் போட்டு வைத்தாலே பணம் சீக்கிரம் வருகிறது.

வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அதற்குள் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அடுத்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையான ஹெச்எம்ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். கணக்கும் வரியும் ஜனவரி 31-க்குள். சென்னை ஏஜென்சிக்கு இங்கே உட்கார்ந்து எழுதினாலும் அந்தப் பணமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஃப்ளூ ஊசி வேலை செப்டம்பர், அக்டோபரில் சூடு பிடிக்கும், அப்போது எந்தப் பார்மசிஸ்டுக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஃப்ளூ பக்கங்களுக்கான பேச்சை ஜூன், ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். முதல் மடலை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பார்வை காட்டுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.