பதில்: ஏலத்தோட்டம் அளக்க ஐபேடா, கேலக்ஸி டேபா?

அண்ணே, வண்டன்மேட்டுத் தோட்டத்து எல்லையை மேப்புல குறிக்க சிம் இல்லாத ஐபேடு போதுமான்னு கேட்டிருந்தீங்க. போதாது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடுல ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடுற மாடல்லதான் உண்டு. சுத்தியிருக்குற வைஃபையை வச்சுதான் அது இடத்தைக் கணிக்கும். ஏலச்செடிக்கு நடுவுல வைஃபைக்கு எங்க போறது?

ஐபேடு பண்ற ஆப்பிளுக்கும் கேலக்ஸி டேப் பண்ற சாம்சங்குக்கும் 2011-லயே கோர்ட் வரைக்கும் போன போட்டி இது. ஆனா உங்க வேலைக்கு சாம்சங்தான். 2023-ல வந்த கேலக்ஸி டேப் எஸ்9 வைஃபை மாடல்லயே ஜிபிஎஸ் இருக்கு, திரையில எழுதுற எஸ் பென் பேனாவும் பெட்டியிலயே வருது. தூசி, தண்ணி தாங்குற ஐபி68 தரம், சாரல் அடிச்சாலும் பயமில்ல. படம் வரைய, வீடியோ எடிட் பண்ணன்னா ஐபேடுதான் சொல்லுவேன்.

மேப்பை கீழ கம்பம் டவுன்லயே டவுன்லோடு பண்ணிட்டு மேடு ஏறுங்க. ஈரக்கைக்கு டச் சரியா கேக்காது, பேனாவால குறிங்க.