கடைசியாக வருபவருக்காக யார் நிற்கிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 39. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை. யூத் பார்க்கில் மெதுவோட்டம் ஓடும் பழக்கம் உண்டு. மகனுடைய பழைய மவுன்டன் சைக்கிளை அவ்வப்போது ஓட்டுவேன். தவளை நீச்சலில் குளத்தை ஒருமுறை கடப்பதற்குள் களைத்துவிடுவேன். கடல் என்றால் பயம். உடன் வேலை செய்யும் தோழி, "எந்த நிலையில் இருப்பவரும் வரலாம்" என்று, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து முடிக்கும் டிரையத்லான் போட்டிக்கான தன் கிளப்புக்கு அழைக்கிறார். மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். என் தந்தை 54 வயதில் மாரடைப்பால் இறந்தார். நீச்சலுடை அணிவதை மாமியார் விரும்பவில்லை. நான் சேரலாமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரிக்கு, சேரலாம் என்பதே என் பதில். ஆனால், சந்தா கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுடைய சைக்கிள் பயிற்சியை நேரில் போய்ப் பாருங்கள். எல்லாரையும் வரவேற்கிறோம் என்று சொல்லாத கிளப்பே கிடையாது. அந்த வரவேற்பு மெய்தானா என்பது தலைவரின் பேச்சிலும் தெரியாது, முன்னால் பறக்கும் நாலு பேரின் வேகத்திலும் தெரியாது. வரிசையின் கடைசியில்தான் தெரியும்.

தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். பினாங்குத் தீவைச் சுற்றிவரும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பாதையில் கால்களைச் சோதிக்கும் பகுதி அதுதான். அணைக்கட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குழு தானாகவே சிதறிவிடும். பலமுள்ளவர்கள் முதலில் மேலே போய்ச் சேர்வதில் தவறேதும் இல்லை. அதன் பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். மேலே போனவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், வாழைப்பழம் உரிப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதுமே, "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று குரல் வரும். யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காமல் போய்விடும். இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்றாலும், புதியவர்கள் சில மாதங்களில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதற்கு இப்படிப்பட்ட பழக்கங்களே பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம். நல்ல கிளப்பில் கடைசி ஆள் வந்த பிறகும் சில நிமிடங்கள் நிற்பார்கள். பின்னால் வருவதற்கென்றே அனுபவமுள்ள ஒருவரை முறைவைத்து நியமித்திருப்பார்கள். அவரிடம் மாற்று டியூப்பும் பம்பும் இருக்கும். உச்சி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் வருகிறார்கள் என்று தோழியிடம் கேளுங்கள். பாரமாகிவிடுவேனோ என்ற உங்கள் கேள்விக்கு உரிய விடை அதில் கிடைத்துவிடும்.

இந்த விளையாட்டு ஒரு கிளப்பின் பொழுதுபோக்காகப் பிறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். 1974 செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், அங்கிருந்த ஓட்டக் கிளப்பின் உறுப்பினர்கள், வழக்கமான பயிற்சிக்கு ஒரு மாற்றாக மிஷன் பே என்ற இடத்தில் முதல் டிரையத்லானை நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் 46 பேர். அன்று ஓட்டம் முதலிலும் நீச்சல் கடைசியிலும் இருந்தன. இன்று நீச்சல்தான் முதல். களைத்த உடம்போடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது இந்த வரிசைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

ஆகவே உங்கள் கவனம் முழுவதும் முதலில் நீச்சலில் இருக்கட்டும். ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டம் உங்களுக்கு இப்போதே கைவந்தது, சைக்கிள் சில மாதங்களில் வந்துவிடும். அந்த 750 மீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் 15 முறை கடக்கும் தூரம். போட்டி விதிகள் எந்த நீச்சல் முறையையும் அனுமதிக்கின்றன. தவளை நீச்சலிலேயே முழுத் தூரத்தையும் முடிக்கலாம், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. களைத்துப்போனால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறுவதுதான் குற்றம். ஒருமுறை கடப்பதற்குள் களைத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் உடல் பலக் குறைவன்று, மூச்சை நீருக்குள் முழுவதுமாக வெளியே விடாததுதான். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட்டால், தலையைத் தூக்கும் அந்தச் சிறு இடைவெளியில் உள்ளிழுக்க மட்டும் நேரம் இருந்தால் போதும். அத்துடன், மல்லாந்து மிதக்கவும், நின்ற இடத்திலேயே கால்களை அசைத்து நீரின் மேல் நிற்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கடலில் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது என்ற பயத்திற்கு இவை இரண்டும் நல்ல மருந்து.

குளத்தில் 400 மீட்டரை இடையில் நிற்காமல் கடக்கும்வரை, யார் எவ்வளவு அன்பாக அழைத்தாலும் கடலில் இறங்காதீர்கள். இறங்கும் நாளில் தனியாக இறங்காதீர்கள். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவை இருக்கட்டும். பத்து ஃபெரிங்கி பக்கம் ஜெல்லி மீன்கள் உண்டு. கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன்களும் பினாங்குக் கடலில் காணப்பட்டிருக்கின்றன. கொட்டினால் தேய்க்கவும் கூடாது, குழாய்த் தண்ணீரை ஊற்றவும் கூடாது. வினிகரை ஊற்றிக்கொண்டே உடனடியாக மருத்துவ உதவி தேட வேண்டும். கிளப் கடற்கரைக்கு எடுத்துவரும் முதலுதவிப் பையில் வினிகர் புட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர்கள் மற்ற ஏற்பாடுகளை எப்படிச் செய்வார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் தந்தையின் மரணத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிச் சென்றிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை நீச்சல் கட்டத்தில் நேர்ந்ததையும், இறந்தவர்களில் பலருக்கு முன்பே அறியப்படாத இருதயக் கோளாறு இருந்ததையும் கண்டிருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் தந்தையின் வயதையும் நோயையும் தெளிவாகச் சொல்லி, என்ன சோதனைகள் தேவை என்று கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். இரவு ஷிப்டு முடிந்த காலையில் சாலையில் சைக்கிள் ஓட்ட வேண்டாம், தூங்குங்கள். மற்ற நாள்களிலும், இங்கே விடிவதற்கு ஏழு மணி ஆகிவிடுவதால், சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும்.

சைக்கிளுக்காக இப்போது கடன் வாங்காதீர்கள். கிளப்பில் சேர்ந்த இரண்டாவது வாரமே யாராவது கார்பனால் செய்த சைக்கிள் ஃபிரேமைப் பற்றிப் பேசத் தொடங்குவார், கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மகனுடைய சைக்கிளுக்கு வழவழப்பான டயர் மாட்டி, பிரேக்கைச் சரிபார்த்து, பொருத்தமான ஹெல்மெட் ஒன்று வாங்கினால் முதல் போட்டிக்குப் போதும். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை மாட்டிய பிறகே சைக்கிளை, போட்டியில் அதை நிறுத்தி வைக்கும் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997இன்கீழ் கிளப் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா, உறுப்பினர்களுக்கு விபத்துக் காப்புறுதி உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

மாமியாரின் மனத்தாங்கலுக்கு வழி இருக்கிறது. மணிக்கட்டும் கணுக்காலும் வரை மூடிய நீச்சலுடைகள் நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கின்றன. வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் அஞ்சி ஆண்களும் அவற்றை அணிகிறார்கள். வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். முதல் போட்டிக்கு நீங்கள் தனியாகப் பதிய வேண்டும் என்பதும் இல்லை. பல போட்டிகளில் மூவர் சேர்ந்து ஆளுக்கொரு கட்டத்தை முடிக்கும் அஞ்சல் பிரிவு உண்டு. தோழி நீந்தட்டும், நீங்கள் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு ஆள் குறைந்தால் மகனையோ கணவரையோ கேட்டுப் பாருங்கள். மகனுக்கு வயது வரம்பு தடையாக இருக்குமா என்பதை மட்டும் பதிவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.